கூடாரத்துக்கு எந்த வாரம்?

போன வாரம் லோர்னாவை நாம் சமையலறையில் விட்டுவிட்டு வந்தபோது, அவள் அடுப்பை அணைக்க மறந்து சந்தோஷத்தில் ஆடிக்கொண்டிருந்தாள். காரணம் ஒரே ஒரு சொல். கணவன் அட்ரியனுடைய முதல் கல்யாணத்து மகள் இமோஜன் 'சரி' என்று செய்தி அனுப்பியிருந்தாள்.

இரண்டு வருஷமாக எந்த விடுமுறைக்குக் கூப்பிட்டாலும் தலைவலி, பரீட்சை, தோழியின் பிறந்தநாள் என்று ஏதாவது ஒன்றைச் சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்த பெண் அவள். வயது பதினான்கு. அந்த வயதில் 'சரி' என்பது சாமானியமாக வருகிற சொல் இல்லை.

லோர்னாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அன்றைக்கே, அந்தச் சூடு ஆறுவதற்குள், வேல்ஸ் மலைப் பக்கம் ஒரு யூர்ட்டைப் பதிவு செய்துவிட்டாள். கம்பளியும் கித்தானும் போர்த்திய வட்டக் கூடாரம். கூடாரம் என்றதும் ஈரத் தரையையும் முதுகுவலியையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நாலு கட்டில், விறகு எரிக்கும் இரும்பு அடுப்பு, காலுக்கு ஆட்டுத்தோல், உச்சியில் வட்டக் கண்ணாடி. படுத்தபடியே நட்சத்திரம் பார்க்கலாம். கழிப்பறை மட்டும் இருபது கஜம் தள்ளி, தண்ணீருக்குப் பதில் மரத்தூள். சொகுசுக்கும் ஓர் எல்லை உண்டல்லவா!

அக்டோபர் லீவுக்கு இன்னும் நாலு வாரம் இருந்தது. அதற்குள் லோர்னா ஆறு பட்டியல் போட்டுவிட்டாள். யார் எந்தக் கட்டில், எத்தனை ஜோடி ரப்பர் பூட்ஸ், மழை வந்தால் எந்த விளையாட்டு, மழை வராவிட்டால் எந்த மலை. மழை வராது என்று நினைத்துப் போட்ட பட்டியல்தான் ரொம்பச் சின்னது.

இப்போது புதன்கிழமை காலை. லாங் ஈட்டனில் பல் வைத்தியரின் வரவேற்பு மேஜையில் லோர்னா உட்கார்ந்திருக்கிறாள். பதினோரு வருஷமாக அதே நாற்காலி. ஊரில் யாருக்கு எந்தப் பல், எந்த நாள், எந்த நேரம் என்பது அவளைக் கேட்காமல் நடக்காது.

கெகுவர்த்திலிருந்து திருமதி ராட்ஃபோர்ட் வந்து நின்றாள்.

"பொண்ணுக்குப் பல்லுக் கம்பி இறுக்கணும், என் வாத்தே. அக்டோபர் லீவுல எந்த நாள்னாலும் சரி."

அந்தப் பக்கத்தில் பழகினவர்கள், பழகாதவர்கள் எல்லோரையும் செல்லமாகக் கூப்பிடுவது வாத்து என்றுதான். லோர்னா சிரித்துக்கொண்டே ஏட்டைப் புரட்டினாள்.

"இருபதாம் தேதி வாரம், செவ்வாய்க்கிழமை பத்தரைக்குப் போடவா?"

"அது உங்க லீவு. எங்களுக்குப் பதிமூணாம் தேதி வாரமாச்சே! நாங்க லெஸ்டர்ஷையர். வருஷா வருஷம் நீதான இதை எனக்கு ஞாபகப்படுத்துவே?"

லோர்னாவின் பேனா நின்றது.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் டெர்பிஷையர் மாவட்டம். அந்தப் பக்கம் லெஸ்டர்ஷையர். இடையில் ஒரு பாலம், இரண்டு மீன்பிடிப்பவர்கள், சில வாத்துகள். மற்றபடி ஒரே மழை, ஒரே போக்குவரத்து நெரிசல். ஆனால் பள்ளி விடுமுறை மட்டும் அந்தப் பக்கம் ஒரு வாரம் முந்திக்கொள்ளும். பாட்டனார் காலத்து ஆலை விடுமுறையை ஒட்டி வந்த வழக்கம் என்று யாரோ சொல்வார்கள். ஆலைகள் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாயிற்று, வாரம் மட்டும் போகவில்லை.

இமோஜன் தன் அம்மா பிலிப்பாவோடு லஃப்பரோவில் இருக்கிறாள். லஃப்பரோ லெஸ்டர்ஷையர்.

கூடாரம் பதிவானது இருபதாம் தேதி வாரத்துக்கு. அந்த வாரம் இமோஜனுக்குப் பள்ளிக்கூடம்.

"என்ன வாத்தே, முகம் வெளுத்துப்போச்சு?" என்றாள் திருமதி ராட்ஃபோர்ட்.

"ஒண்ணுமில்ல. பதினாலாம் தேதி பத்தரை. எழுதிட்டேன்."

எழுதியிருந்தாள்தான், வேறு யாருடைய பெயரின் மேலோ.

ஊருக்கெல்லாம் தேதி சொல்கிறவள் தன் வீட்டுத் தேதியில் கோட்டை விட்டுவிட்டாள். அது கூடப் பெரிதில்லை. தேதியை மாற்றலாம், பணம் போனால் போகட்டும் என்று விடலாம். இமோஜன் என்ன நினைப்பாள் என்பதுதான் பெரிது. 'நான் வர முடியாத வாரமாப் பாத்துத்தான் போட்டிருக்காங்க.' வேறு எதை நினைப்பாள்?

நினைப்பதற்கு அவளிடம் காரணமும் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைக்கு லோர்னா குடும்பப் படம் ஒன்றை அச்சடித்தாள். அட்ரியன், லோர்னா, அப்போது நாலு வயதான அவர்கள் மகள் மார்த்தா, மூவரும் சிவப்புத் தொப்பியில். 'எங்கள் குடும்பத்திலிருந்து உங்கள் குடும்பத்துக்கு' என்று கீழே பொன்னெழுத்து. படம் எடுத்த சனிக்கிழமை இமோஜன் வரவில்லை, அவ்வளவுதான். மரியாதைக்காகப் பிலிப்பாவுக்கும் ஒன்று அனுப்பினாள் லோர்னா. அது அவர்கள் வீட்டுக் கணப்பின் மேல் மூன்று வாரம் நின்றது. அன்றைக்கு ஆரம்பித்ததுதான் அந்தத் தலைவலியும் பரீட்சையும்.

லோர்னா எழுந்தாள், உட்கார்ந்தாள், தண்ணீர் குடித்தாள். பதினோரு மணிக்கு அட்ரியனைக் கூப்பிட்டாள். அவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். ஒரு மாணவிக்கும் அடுத்தவளுக்கும் நடுவில் பத்து நிமிஷம் கிடைக்கும்.

"அட்ரியன், பெரிய தப்புப் பண்ணிட்டேன்."

"காரை இடிச்சிட்டியா?"

"காரா இருந்தா நிம்மதியா இருந்திருப்பேன். கூடாரம் போட்ட வாரம் இமோஜனுக்கு லீவே இல்ல. அவளுக்கு லீவு முந்தின வாரம்."

"அடக் கடவுளே" என்றான். "அந்த வாரத்துக்கு மாத்திடலாமே?"

"மார்த்தாவுக்கு அந்த வாரம் ஸ்கூல். எனக்கு லீவு கிடையாது. உனக்கு ரெண்டு பேரு டெஸ்டுக்குப் போறாங்க."

"அப்போ ஒண்ணு செய்யலாம். இமோஜனுக்கு அஞ்சு நாள் காய்ச்சல்னு சொல்லிட்டா..."

"அவ ஸ்கூல்ல வராத பிள்ளைங்க வீட்டுக்கு லெட்டர் போடற வேலை யாருக்கு?"

அட்ரியன் யோசித்தான். "பிலிப்பாவுக்கு."

"அப்போ பிலிப்பா பிலிப்பாவுக்கே லெட்டர் போடட்டுமா? ஆமா, நான் கேக்கணும்னு இருந்தேன். தேதியை அவங்ககிட்ட அன்னிக்கே சொல்லிடறேன்னியே, சொன்னியா? சொல்லியிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்குமே!"

"சொல்லணும்னுதான் இருந்தேன்."

"ஒம்பது நாளாவா?"

"அவகிட்ட பேசறதுக்கு ஒரு நல்ல நேரம் பாத்துக்கிட்டு இருந்தேன், லோர்னா. இதோ அடுத்த மாணவி வந்துட்டா, ரவுண்டானா பழகணும். நீ ஒண்ணும் பண்ணாத. சாயங்காலம் வழக்கம்போல இமோஜன் சாப்பிட வரும்போது நான் பாத்துக்கறேன்."

நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அட்ரியன் சொன்னால் பார்த்துக்கொண்டேதான் இருப்பான். லோர்னாவுக்கு அது தெரியும். அதனால் மத்தியானம் ரொட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, கருவிகளைக் கொதிக்க வைக்கிற பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கூடாரத்துச் சொந்தக்காரி நெரிஸைக் கூப்பிட்டாள்.

நெரிஸ் மலைக்காரி. பேச்சில் சுற்றிவளைப்பு கிடையாது.

"பணத்தைத் திருப்பித் தர முடியாது, அது முதல்லயே சொன்னேன்."

"பணம் வேணாம்மா. வேற வாரம் இருக்கா?"

"மாசக் கடைசியில கூடாரத்தைப் பிரிச்சு மடிச்சிருவோம். விட்டா கம்பளி நனைஞ்சு பூஞ்சை பூத்துரும். வேற வாரம்னா இனிமே ஏப்ரல்தான்."

எதிர்முனையில் இருப்பது முன்பின் தெரியாத பெண்பிள்ளை என்பதை மறந்து லோர்னா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ஆறு, இரண்டு பக்கம், வாழ்த்து அட்டை, 'சரி' என்ற ஒரு சொல். பின்னணியில் ஆடு ஒன்று கத்துவது கேட்டது. நெரிஸ் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சரி, கேளுங்க. அந்தப் பொண்ணோட லீவு முடியற சனி ஞாயிறும், உங்க லீவு ஆரம்பிக்கற சனி ஞாயிறும் ஒண்ணுதானே?"

லோர்னா விரல் விட்டு எண்ணினாள். இவ்வளவு நேரம் இது ஏன் தோன்றவில்லை!

"நீங்க வர்றதுக்கு முன்னாடி அந்த மூணு நாளை யாருக்கும் குடுக்காம வச்சிருக்கேன், அடுப்போட புகைக்குழாயை மாத்தணும்னு. வெள்ளி சாயங்காலமே வந்திருங்க. சனி காலையில என் வீட்டுக்காரர் கூரை மேல ஏறி ரெண்டு மணி நேரம் தட்டுவார். குளிரும். கெட்ட வார்த்தையும் பேசுவார். பரவால்லையா?"

"பரவால்ல, பரவால்ல!"

"மேல காசு வேணாம். அந்தப் பொண்ணைக் கூட்டிக்கிட்டு வாங்க."

ரொட்டி கையிலேயே இருந்தது. லோர்னாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இமோஜனுக்கு வெள்ளி, சனி, இரண்டு ராத்திரி. ஞாயிற்றுக்கிழமை அட்ரியன் அவளைக் கொண்டுபோய் லஃப்பரோவில் விட்டுவிட்டுத் திரும்பி வரலாம். போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். முனகுவான். முனகட்டும்.

மூன்றே காலுக்கு மார்த்தாவைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்தாள். வீட்டைச் சுத்தம் செய்தாள். சுத்தமாக இருந்த இடத்தையே மறுபடி சுத்தம் செய்தாள். எப்படிச் சொல்வது என்று பாத்திரம் கழுவும் தொட்டியைப் பார்த்து மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தாள். மூன்றும் சரியில்லை.

நாலரைக்கு அட்ரியன் வந்தான். முகத்தில் ஒரு பெருமிதம். அதைப் பார்த்ததுமே லோர்னாவுக்குப் பகீரென்றது.

"சமாளிச்சிட்டேன்," என்றான். "இமோஜனுக்கு மத்தியானமே செய்தி போட்டுட்டேன். கூடாரக்காரம்மா திடீர்னு தேதியை மாத்திட்டாங்க, எங்க தப்பு ஒண்ணும் இல்லன்னு. முடிஞ்சுது கதை."

"என்னது?"

"யாருக்கும் நஷ்டமில்லையே. நெரிஸோ என்னமோ, அவங்களை அவ பாக்கவா போறா?"

"அந்தம்மா மத்தியானம் எனக்காக என்ன செஞ்சாங்க தெரியுமா? மூணு நாள் சும்மா குடுத்திருக்காங்க. நீ என்னடான்னா அவங்க தலையில பழியைப் போட்டுட்டு வந்து நிக்கறே!"

அட்ரியனின் முகத்தில் ஈயாடவில்லை. "உன்னைக் காப்பாத்தலாம்னுதான்..."

"என்னைக் காப்பாத்தலயே நீ. உன்னைத்தான் காப்பாத்திக்கிட்டே. பிலிப்பாகிட்ட பேசாதது யாரு?"

வாசல் மணி அடித்தது. இமோஜனிடம் இந்த வீட்டுச் சாவி உண்டு. ஆனாலும் ஒவ்வொரு புதன்கிழமையும் அவள் மணியைத்தான் அடிப்பாள்.

சாசேஜ், மசித்த உருளைக்கிழங்கு, பட்டாணி. எல்லோரும் சாப்பிட்டார்கள் என்று சொல்ல முடியாது, மார்த்தா சாப்பிட்டாள்.

"இம்மி, ராத்திரி கக்கூஸ் போகணும்னா டார்ச் எடுத்துக்கிட்டுப் போகணுமாம். போயிட்டு மேல மரத்தூள் போடணுமாம், பூனை மாதிரி!" என்றாள் அக்காவிடம்.

"அப்படியா?" என்றாள் இமோஜன். உயரமான பெண். பள்ளிச் சீருடையின் கைகளை விரல் நுனி வரை இழுத்துவிட்டிருந்தாள். "நீதான் எல்லார்க்கும் மரத்தூள் மந்திரி."

அட்ரியன் தொண்டையைச் செருமினான். "அதான் செய்தி போட்டேனே கண்ணு. அந்தம்மா இப்படிப் பண்ணிட்டாங்க. நமக்கும் ரொம்ப ஏமாத்தம்தான்."

"பரவால்லப்பா."

"அடுத்த வருஷம் வேணா..."

"பரவால்லன்னு சொன்னேன்ல."

அவள் குரலில் கோபம் இல்லை. அந்த மரியாதைதான் லோர்னாவை வதைத்தது. கோபித்துக்கொண்டு தட்டைத் தள்ளியிருந்தால் தேவலை. ஒரு பட்டாணியை முள்கரண்டியால் துரத்திக்கொண்டிருந்த லோர்னா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இமோஜன், அப்பா சொன்னது நிஜமில்ல. தேதியை யாரும் மாத்தல. நான்தான் எங்க பக்கத்து வாரத்தைப் பாத்துப் போட்டுட்டேன். உனக்கு அப்போ ஸ்கூல்னு எனக்குத் தோணவே இல்ல. அவ்வளவு சந்தோஷத்துல இருந்தேன். வேணும்னு பண்ணல. நீ நம்பணும்."

அட்ரியன் கண்ணை மூடிக்கொண்டான்.

இமோஜன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். காது மடல் சிவந்தது.

"எனக்குத் தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீங்க அன்னிக்குத் தேதி அனுப்பினீங்கள்ல, அப்பவே தெரியும். அந்த வாரம் எனக்கு ஸ்கூல்னு. அதனாலதான் சரின்னேன்."

முதலில் லோர்னாவுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. முதலில் 'அக்டோபர் லீவுல, இருபதாம் தேதி, வர்றியா?' என்று கேட்டது லோர்னா. வர முடியாத நாளாக இருந்ததால்தான் அந்தப் பெண்ணால் வருகிறேன் என்று சொல்ல முடிந்திருக்கிறது. ஒன்பது நாள் ஆட்டம், ஆறு பட்டியல், எல்லாம் அந்த ஒரு பொய்ச் சம்மதத்தின் மேல்.

"மார்த்தா," என்றான் அட்ரியன், "நீ போய் டி.வி. பாரு."

"எனக்கு இன்னும் புட்டிங் வரலையே!"

"கொண்டுவந்து தரேன். போ."

மார்த்தா போனாள். லோர்னா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். இரண்டு வருஷமாக இந்தப் பெண்ணின் முன்னால் அவள் முட்டையின் மேல் நடப்பது போல நடந்திருக்கிறாள். இன்றைக்கு அவளால் முடியவில்லை.

"ஏன் இமோஜன்? பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்றதுக்கு என்ன? உன்னைக் கட்டி இழுத்துக்கிட்டா போகப் போறோம்? காலையிலேருந்து நான் எப்படித் துடிச்சேன் தெரியுமா? நீ மனசு நொந்துடுவியேன்னு பின்னறையில நின்னு முன்பின் தெரியாதவங்ககிட்ட அழுதேன்! என்னை முட்டாளாக்கிட்டியே!"

"லோர்னா," என்று அட்ரியன் கையை நீட்டினான்.

"நீ சும்மா இரு. உனக்கு அப்புறம் இருக்கு."

இமோஜன் நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் இருந்தது பயமில்லை, ஆச்சரியம். இந்த வீட்டில் இதுவரை அவளிடம் யாரும் குரலை உயர்த்தியதில்லை. மார்த்தாவைத்தான் திட்டுவார்கள்.

"பிடிக்கலன்னு இல்ல," என்றாள் மெதுவாக.

"பின்னே?"

"அம்மா தனியா இருப்பாங்க."

பக்கத்து அறையில் டி.வி.யில் ஏதோ பாட்டு ஓடியது.

"லீவு நாள்ல அவங்களுக்கும் லீவு. நான் இங்க வந்துட்டா அவங்க தட்டை மடியில வச்சுக்கிட்டு டி.வி. பாத்துக்கிட்டே சாப்பிடுவாங்க. நான் திரும்பிப் போனதும் 'எப்படி இருந்துது?'ன்னு கேப்பாங்க. சுமாரா இருந்துதுன்னு சொல்லுவேன். ஒரு நாள்னா அப்படிச் சொல்லிடலாம். அங்க போயி நட்சத்திரம் எல்லாம் பாத்து, எனக்கு நிஜமாவே சந்தோஷமா இருந்துட்டா? அதை எப்படி மறைக்கறது?" கண்ணைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டாள். "அப்பாவும் போயிட்டாரு. நானும் போனா?"

அட்ரியன் மேஜையைப் பார்த்தான். இந்தத் தடவை எந்தச் சமாளிப்பும் செய்யவில்லை. ஒன்பது நாளில் அவன் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

லோர்னா மறுபடி உட்கார்ந்தாள். கோபம் எங்கே போயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை.

"நெரிஸ்னு அந்தம்மா, முந்தின வெள்ளி சாயங்காலமே வரச் சொல்லிட்டாங்க. சனி ஞாயிறு உனக்கும் லீவு, எங்களுக்கும் லீவு. நாலரை மணிக்குக் கார் கிளம்பும். இதைச் சொல்லத்தான் காலையிலேருந்து காத்துக்கிட்டு இருந்தேன். இனிமே நான் கேக்க மாட்டேன். உன் இஷ்டம்."

"ரெண்டு நாள்னாலும் அம்மா தனியாத்தானே இருப்பாங்க," என்றாள் இமோஜன். பையை எடுத்தாள். "ஆறு இருபது ரயிலைப் பிடிக்கணும்."

போகும்போது வாசலில் நின்று, "நீங்க திட்டினதை அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்," என்றாள். ஏதோ சகாயம் செய்கிற மாதிரி.

"தாராளமா சொல்லு," என்றாள் லோர்னா.

அட்ரியன் அவளை ரயிலடியில் விட்டுவிட்டு வருவதற்குள் லோர்னா மார்த்தாவுக்குப் புட்டிங் கொடுத்தாள், தட்டுகளைக் கழுவினாள், கூடத்தில் இரண்டு முறை நடந்தாள். குளிர்பெட்டிக் கதவில் அவசரத்துக்கென்று ஒட்டியிருந்த தாளில் நாலாவதாக இருந்தது பிலிப்பாவின் எண். இத்தனை வருஷத்தில் அவள் அந்த எண்ணைக் கூப்பிட்டதே இல்லை. குழந்தையை விடுவதும் கூட்டுவதும் எல்லாம் அட்ரியன் வழியாகத்தான். அட்ரியன் வழியாகப் போனது எது சேர்ந்தது, எது சேரவில்லை என்று இன்றைக்குத்தான் தெரிகிறது.

அவன் கோட்டைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தபோது லோர்னா காதில் தொலைபேசியை வைத்திருந்தாள்.

"யாரு?" என்று உதட்டை மட்டும் அசைத்தான்.

"பிலிப்பாவா? நான் லோர்னா பேசறேன்."

அட்ரியன் ஒரு கையை இன்னும் கோட்டில் மாட்டிக்கொண்டபடியே அப்படியே நின்றுவிட்டான்.

"இமோஜனுக்கு ஏதாவது..." பிலிப்பாவின் குரல் பதறியது.

"இல்ல இல்ல, நல்லா இருக்கா. ரயில்ல வந்துக்கிட்டு இருக்கா. நான் கூடார விஷயமாப் பேசணும்னு கூப்பிட்டேன்."

"கூடாரமா? என்ன கூடாரம்?"

லோர்னா கணவனைப் பார்த்தாள். அவன் கோட்டின் பொத்தானை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

மூச்சு விடாமல் சொல்லிவிட்டாள். எந்த வாரம், என்ன தவறு, நெரிஸ் கொடுத்த மூன்று நாள். கடைசியில், தான் சொல்லப் போவது என்னவென்று தனக்கே தெரிவதற்கு முன்பு சொன்னாள்: "அந்த வெள்ளிக்கிழமை நீங்க என்ன பண்றீங்க? வேற வேலை இல்லன்னா நீங்களும் எங்களோட வந்துருங்களேன்."

அட்ரியன் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டான்.

"நானா? உங்களோடவா?" பிலிப்பா சிரித்தாள், அல்லது சிரிப்பு மாதிரி ஏதோ செய்தாள். "எதுக்கு?"

"நீங்க தனியா இருப்பீங்கன்னுதான் அவ எங்கயும் வர மாட்டேங்கறா. இன்னிக்கு என்கிட்ட சொன்னா. உங்களை விட்டுட்டுச் சந்தோஷமா இருக்க அவளுக்கு மனசு வரலை, பிலிப்பா."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டி.வி. நின்றது.

"ரெண்டு வருஷமா," என்றாள் பிலிப்பா. குரல் தேய்ந்திருந்தது. "ரெண்டு வருஷமா ஒருத்தர் என்னை விட்பிக் கடற்கரைக்கு வா வான்னு கூப்பிட்டுக்கிட்டு இருக்கார். நல்ல மனுஷன். ஒவ்வொரு லீவுக்கும் கூப்பிடறார். இமோஜன் அப்பா வீட்டுக்குப் போகாம வீட்டுலயே இருக்காளே, அவளை விட்டுட்டு எப்படிப் போறதுன்னு நான் ஒவ்வொரு தடவையும் முடியாதுன்னுட்டேன். அவளுக்குத் தெரிஞ்சா மனசு ஒடிஞ்சுபோகும்னு அவர் பேரைக்கூட வீட்டுல சொன்னதில்ல."

லோர்னா சுவரில் சாய்ந்துகொண்டாள். ஒரே வீட்டில், ஒரே சோபாவில், தாய்க்காக மகளும் மகளுக்காகத் தாயும் மடியில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு வருஷமாக!

"அவகிட்ட சொல்லிடுங்க பிலிப்பா. இப்போ வருவா. இன்னிக்கே சொல்லிடுங்க."

"என்னால முடியாது."

"ஏன்?"

"எப்படி இருந்துதுன்னு கேட்டா 'சுமார்'னு ஒரே பதில் சொல்றவகிட்ட நான் என்னன்னு ஆரம்பிக்கறது? என்கிட்ட அவ நிஜத்தைப் பேசி எத்தனை நாளாச்சு தெரியுமா?" அந்தப் பக்கம் சாவி திரும்பும் ஓசை கேட்டது. பிலிப்பா அவசர அவசரமாகக் குரலைத் தாழ்த்தினாள். "வந்துட்டா. உங்ககிட்டதான் அவ நிஜத்தைச் சொல்லியிருக்கா, லோர்னா. அவரைப் பத்தியும் நீங்களே அவகிட்ட சொல்லிடுங்க."